ஸ்டாண்டர்ட் 20ம் மேஸ்திரியின் நோட்டும்

போன ஞாயிறு காலை தங்கமணியிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். பெண்ணின் படிப்பு மேஜையில் பழைய நோட்டு ஒன்றை விரித்து வைத்திருந்தேன். அட்டை முழுக்க கிரீஸ் கறை, வீடு முழுக்க டீசல் வாசனை. "ஆபீஸ்லதான் நட்டு போல்ட்டுன்னு எழுதுறீங்க, ஞாயித்துக்கிழமையுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு ஆபீஸில் பிடுங்கக் கொடுத்த ஆணியே அதுதான். எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, எங்கேயோ ஓடும் வண்டிகளுக்கு சர்வீஸ் மேனுவலும் பாகங்களின் பட்டியலும் தயாரிக்கிறேன். பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. குடியிருப்பது ஹெப்பகோடி. சொந்த ஊர் ஒட்டன்சத்திரம்.

அந்த நோட்டு எப்படி என் மேஜைக்கு வந்தது என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் கொசுவத்தி சுற்றியாக வேண்டும்.

எங்கள் பெரியப்பா 1984ல் ஒரு பிக்கப் வாங்கினார். செகண்ட் ஹேண்ட். ஸ்டாண்டர்ட் 20 என்று பெயர். முன்பக்கம் மூக்கே இல்லாமல் தட்டையாக இருக்கும். டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில் எஞ்சின் பெட்டி, பின்னால் திறந்த தொட்டி. காலையில் தோட்டத்திலிருந்து தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும். மத்தியானம் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று நாலைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து டவுசர் சூடு பட்டவன் நான். 2019ல் பெரியப்பா தவறினார். வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது. அதை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அண்ணன் (பெரியப்பா மகன்) போன் செய்த அன்றுதான் எனக்கு உறைத்தது: இந்த வண்டியைப் பற்றி எழுதப்பட்ட ஒரு காகிதம்கூட எங்களிடம் இல்லை. ஆர்.சி. புத்தகம் மட்டும்தான். கண்டம் விட்டுக் கண்டம் ஓடும் வண்டிகளுக்கு மேனுவல் எழுதுகிறவன் வீட்டு வண்டிக்கு மேனுவல் இல்லை!

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டு. வேன்கார்டு கார், பிறகு 1961ல் ஹெரால்டு, அதன் பிறகு கெஸல் என்று வந்தன. ஹெரால்டு கார் பற்றிப் பேச இன்றைக்கும் ஆள் உண்டு, கல்யாண ஊர்வலக் கதை சொல்லாத சென்னைக் குடும்பம் குறைவு. ஆனால் 70களின் பின்பாதியில் கெஸல் நின்றது முதல் 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 கார் வரும் வரைக்கும், அந்தத் தொழிற்சாலையின் அடுப்பை எரியவைத்தது காரே இல்லை. இந்த மூக்கில்லாத ஸ்டாண்டர்ட் 20தான். அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. மூட்டை தூக்கியவனுக்கு யார் போட்டோ எடுத்து வைப்பார்கள்?

அதுவும் புது வண்டி இல்லை. 1958ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் அட்லஸ் என்ற பெயரில் பிறந்தது. லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்டை வாங்கிய பிறகு 1963 வாக்கில் அதற்கு லேலண்ட் 20 என்று பெயர் மாறியது. 1968ல் அங்கே நிறுத்திவிட்டு, தகடு அடிக்கும் அச்சுகளைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். அங்கே கழித்துக் கட்டியது இங்கே ஆம்புலன்ஸாகவும் பள்ளிக்கூட வேனாகவும் பிக்கப்பாகவும் இன்னொரு ஆயுசு ஓடியது. ஸ்டாண்டர்ட் 2000 எடுபடவில்லை. 1988ல் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் பிற்பாடு ஐ.டி. வளாகம் எழும்பியது. அங்கே ஆணி பிடுங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் காலடியில் என்ன இருந்தது என்று.

இதே போன்ற கதை மற்றவற்றுக்கும் உண்டு. நாம் சின்ன சரக்கு வண்டி எல்லாவற்றையும் 'டெம்போ' என்கிறோமே, அது ஹாம்பர்க் நகரத்து விடால் அண்ட் ஸோன் கம்பெனியின் பிராண்டு பெயர். 1958ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ அவர்களுடைய ஹான்சியாட் மூன்று சக்கர வண்டியை இங்கே செய்தது. ஜெர்மனியில் அந்த வண்டி 50களிலேயே நின்றுவிட்டது, நம்மூரில் பல பத்தாண்டுகள் ஓடியது. 80களில் ஜப்பான்காரர்கள் நாலு பேர் வந்தார்கள்: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. முதல் இரண்டு பெயரும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் காணாமல் போயின. டொயோட்டா லாரி செய்த அதே சூரஜ்பூர் தொழிற்சாலையில் பிறகு டேவூ சியலோ கார் வந்தது நினைவிருக்கலாம். கம்பெனி போய்விடும். வண்டி ரோட்டில் நிற்கும். வாங்கியவன் என்ன செய்வான்?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். அங்கே 1925ல் ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரில் பின்பக்கத் தொட்டி வைத்து 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலிருந்தே வந்த முதல் ஃபோர்டு பிக்கப் அது. நூறு வருஷம் ஆன பின்னும் அதற்கு கார்புரேட்டர் பழுது பார்க்கும் குறிப்பு கிடைக்கும். 40களின் செவர்லே பிக்கப்புக்குப் பாகப் புத்தகத்தை மறுபடி அச்சடித்து விற்கிறார்கள். அதைவிட எனக்குப் பொறாமையாக இருப்பது ஹாலண்டர் என்ற புத்தகம். 1934லிருந்து வருகிறது. எந்த வண்டியின் எந்தச் சாமான் வேறு எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதுதான் மொத்தப் புத்தகமும். பழைய இரும்புக் கடைக்காரர்களுக்காக உண்டானது.

நம்மூரிலும் அந்தப் புத்தகம் இருந்தது. ஆனால் அது சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் ஆட்கள் தலைக்குள் இருந்தது. அச்சில் வரவில்லை.

எங்கள் வண்டியைப் பொறுத்தவரை அது திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி அண்ணன் தலைக்குள் இருந்தது. எடைக்குப் போடும் பேச்சு வந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். பட்டறையை மூடியாகிவிட்டது, ஒரு கண்ணில் புரை. "தம்பி, கம்பெனி செத்துப்போச்சு. பேரிங்கு சாகலயே?" என்றார். உள்ளே போய் இந்த நோட்டை எடுத்து வந்தார். 192 பக்கம். 1970களில் ஆரம்பித்திருக்கிறார். எந்த வண்டிக்கு எதைக் கழற்றி எதைப் போட்டார், எவ்வளவு தேய்த்தார், எத்தனை ஷிம் வைத்தார் என்று அவருக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்தில். ஸ்டாண்டர்டுக்கு மட்டும் நாற்பது பக்கத்துக்கு மேல்.

பேரிங் சாகவில்லை என்று அவர் சொன்னதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. பால் பேரிங் மேல் 6205 என்று இருந்தால் அது எந்த நாட்டில் யார் செய்ததானாலும் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும் (04லிருந்து மேலே). வண்டிக் கம்பெனி தன் பாகப் புத்தகத்தில் அதற்கு வேறு நீளமான நம்பர் கொடுத்திருக்கும். கம்பெனி மூடினால் அந்த நம்பர் செத்தது. பேரிங்கின் சொந்த நம்பர் தெரிந்தவனுக்குக் கவலை இல்லை. மேஸ்திரி அண்ணன் ஐம்பது வருஷமாகச் செய்தது இதுதான். செத்த நம்பர்களுக்கெல்லாம் உயிருள்ள நம்பர் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஆபீஸில் இந்த வேலைக்கு ஒரு டீமே உண்டு.

சோதித்துப் பார்க்க நோட்டிலிருந்து நாலு நம்பரை எழுதிக்கொண்டு ஜே.சி. ரோடு போனேன். முதல் கடையில் கம்ப்யூட்டர் முன் இருந்த பையன் எந்த வண்டி என்று கேட்டான். சொன்னேன். லிஸ்டில் இல்லை என்று முடித்துவிட்டான். பின்னால் ஸ்டூலில் இருந்த பெரியவர் கன்னடம் கலந்த தமிழில், "வண்டிய விடுப்பா, நம்பர் சொல்லு" என்றார். மூன்று கிடைத்தது. நாலாவதை மறுநாள் வரவழைத்துக் கொடுத்தார்.

நோட்டில் எனக்கு முதலில் புரியாதது, ஸ்டாண்டர்ட் பக்கங்களில் அடிக்கடி வரும் 'டிராக்டர்' என்ற சொல். வண்டிப் பாகத்துக்கு நேரே 'சின்ன பெர்கூசன்' என்று எழுதியிருந்தது. விசாரித்தால் அதற்குப் பின்னால் பெரிய கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கவென்ட்ரி ஸ்டாண்டர்ட் கம்பெனி, ஹாரி ஃபெர்குசனுக்காக டி.இ.20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டரை செய்து கொடுத்தது. 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல். அதன் ஸ்டாண்டர்ட் எஞ்சினும் வேன்கார்டு கார் எஞ்சினும் ஒரே குடும்பம். ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதன் தம்பிதான். உழுகிற டிராக்டருக்கும் பந்தயக் காருக்கும் ஒரே வயிற்றுப் பிறப்பு. சிலிண்டருக்குள் தனியாகக் கழற்றி மாட்டும் ஸ்லீவ், அதைச் சுற்றி நேராகத் தண்ணீர். தேய்ந்தால் பிளாக்கைக் குடையத் தேவையில்லை, ஸ்லீவை உருவிப் புதுசு போட்டால் போதும். கிராமத்துப் பட்டறைக்கென்றே செய்தது போன்ற எஞ்சின். 1985ல் வந்த அந்த சொகுசு ஸ்டாண்டர்ட் 2000க்குள்ளும் இந்த வேன்கார்டு வம்சத்து எஞ்சின்தான். (விலையைப் பார்த்து வாங்கியவர்கள் வயிறு எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

பெரியப்பா வண்டியில் அந்த எஞ்சினும் இல்லை. அவர் வாங்கும்போதே அதற்குள் மெட்டடோர் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் ஊர் ஊருக்குப் பட்டறைகளில் நடந்த பெரிய வேலை இந்த இதய மாற்று ஆபரேஷன்தான். அம்பாஸடரில் மெட்டடோர், ஜீப்பில் மெட்டடோர். அதற்கு முந்தைய தலைமுறையில் சிம்ப்சன் கம்பெனி சென்னையில் செய்த பெர்கின்ஸ் டீசல். இன்னும் முந்தினால் போர்க்கால கரி. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார், கரியை எரித்து அந்த வாயுவில் பஸ் ஓட்டும் 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' செய்தார். மேஸ்திரி அண்ணனின் குரு சின்ன வயசில் அப்படி ஒரு பஸ்ஸுக்கு விடிகாலையில் கரி அள்ளிப் போட்டவராம்.

நோட்டில் ஒரு பக்கம் முழுக்க மண்ணெண்ணெய் பற்றி இருந்தது. கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னதும் போனிலேயே சத்தம் போட்டார். 1990லிருந்து வடக்கே எரிபொருள் போகவிடாமல் தடை வந்த காலத்தில் அங்கே ஆஸ்டின் ஏ40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் துளி பெட்ரோலை கார்புரேட்டருக்குள் பீய்ச்சி ஸ்டார்ட் செய்வார்கள், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். "எங்கட அப்பா நோயாளியை ஏத்திக்கொண்டு போகேக்க வழியில நிப்பாட்டவே மாட்டார், நிப்பாட்டினா திரும்ப பெட்ரோல் வேணும்" என்றார் நண்பர். புதிய ஜப்பான் கார்கள் சும்மா நிற்க, ஐம்பதுகளின் கிழட்டு வண்டிகள் ஊரைச் சுமந்தன. காரணம் எளிது. மண்ணெண்ணெய் சீக்கிரம் வெடித்துத் தட்டும், பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் தாங்கிக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால் ஃபெர்குசன் டிராக்டரிலேயே இதற்கென்று ஒரு ரகம் கம்பெனி செய்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான டிராக்டர் எண்ணெய்க்கு மாற்றும் குழாய், குறைத்த அமுக்கம், எண்ணெயை ஆவியாக்கச் சூடான மேனிஃபோல்டு. கவென்ட்ரியில் வரைபடம் போட்டுச் செய்ததை, யாழ்ப்பாணத்தில் வரைபடம் இல்லாமல் செய்தார்கள். அங்கே செய்தது மேனுவலில் இருக்கிறது. இங்கே செய்ததை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

இனி என் வண்டவாளம். நோட்டைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் எனக்குள் இருந்த மேனுவல்காரன் விழித்துக்கொண்டான். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, 'அரை இஞ்ச் ஸ்பேனர்' என்று இருந்த இடங்களில் எல்லாம் '13 மி.மீ.' என்று மாற்றி அண்ணனுக்கு அனுப்பினேன். அரை இஞ்ச் என்பது 12.7. பத்தில் மூன்று மி.மீ.தானே வித்தியாசம். புது நட்டில் அது ஒன்றும் செய்யாது. நாற்பது வருஷம் துருப்பிடித்த நட்டில் அண்ணன் 13ஐப் போட்டு முழு பலத்தோடு இழுக்க, முனை மழுங்கி ஸ்பேனர் வழுகி, கை எஞ்சினில் இடித்து மூன்று தையல். நட்டை வெட்டித்தான் எடுத்தார்கள். மேஸ்திரி அண்ணன் போனில், "ஏந்தம்பி, நான் தெரியாமயா இஞ்சுன்னு எழுதுனேன்?" என்று மட்டும்தான் கேட்டார். அதற்கு பெரியம்மா மாதிரி நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை. எனக்குத் தோன்றுவதைத் தனியாக, என் பெயர் போட்டு, பக்கத்தில் எழுதுகிறேன்.

வண்டியின் சட்ட நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 15 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிகளுக்கான தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரலில் எகிறியது. எங்கள் வண்டிக்குச் சான்று எடுப்பது யானைக்கு சொக்காய் தைப்பது போல. சரி, 2021ல் விண்டேஜ் வண்டிகளுக்கென்று மத்திய அரசு விதி கொண்டுவந்ததே, 50 வருஷம் ஆனால் 'வி.ஏ.' என்று தனி நம்பர் தருகிறார்களே என்று ஆசையாகப் படித்தேன். பதிவுக்கு 20,000 ரூபாய், அது பரவாயில்லை. ஆனால் சொந்த உபயோகத்துக்கான காருக்கும் டூ வீலருக்கும்தான் அந்த விதி. அதிலும் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பிறந்தபடியே இருக்க வேண்டும். ஷெட்டில் போர்வை போர்த்தி வைத்திருந்த கார் பாரம்பரியம். தக்காளி சுமந்து, எஞ்சின் மாற்றி, நாற்பது வருஷம் சோறு போட்ட பிக்கப் பழைய இரும்பு. விதி எழுதியவர்களுக்கு அவர்கள் நியாயம் இருக்கலாம், காற்று மாசு பெரிய விஷயம்தான். ஆனாலும் நம்மூர் சரக்கு வண்டியின் வரலாறே மாற்றங்களின் வரலாறு. மாறாமல் இருந்தால்தான் வரலாறு என்று சொன்னால் இவை எதுவும் கணக்கில் வராது.

இதையெல்லாம் எழுதும் இந்த நேரத்தில் கீழே ஓசூர் ரோட்டில் சத்தம் குறையவில்லை. மேலே 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோ போகிறது. எங்கள் ஸ்டேஷனுக்கு பயோகான் ஹெப்பகோடி என்று பெயர். அடியில் பொம்மசந்திரா பட்டறைகளுக்குச் சாமான் ஏற்றிய குட்டி யானைகளும் தோஸ்த்களும். குட்டி யானை 2005ல் வந்தது, பக்கத்து ஓசூரிலேயே பிறந்த தோஸ்த் 2011ல். அதில் இருப்பதெல்லாம் சென்சாரும் கம்ப்யூட்டர் பெட்டியும். அவற்றுக்கு யாராவது ஒரு மேஸ்திரி நோட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாரா என்று அவ்வப்போது யோசிப்பேன்.

பிக்கப்பை அண்ணன் எடைக்குப் போடவில்லை. ரோட்டில் இறக்க முடியாது. தோட்டத்துக்குள்ளேயே கிணற்றடியிலிருந்து களத்துக்குக் காய் இழுக்கிறது. ஜே.சி. ரோட்டு பேரிங் முன் சக்கரத்தில் இருக்கிறது.

நேற்று ராத்திரி 143ஆம் பக்கத்தில் ஒரு வரி சிக்கிக்கொண்டது. 'சா.மு. 4 – பழனி' என்று இருந்தது. சாஃப்ட், முன்பக்கம், நாலு என்று வைத்துக்கொண்டேன். பழனியில் எந்தக் கடை என்று தெரியவில்லை. போன் போட்டேன்.

மேஸ்திரி அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "அது சாமானில்ல தம்பி. சாமிக்கு முடி. பேரன் பேத்தி நாலு பேருக்கும் பழனியில மொட்டை போட்ட கணக்கு."

"அடிச்சிரவாண்ணே?"

"ஒண்ணும் மாத்த மாட்டேன்னு சொன்னே?" என்றார்.

இன்னும் 49 பக்கம் இருக்கிறது. தை மாசம் அவருக்குக் கண் ஆபரேஷன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். தங்கமணி பையைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறார், புடவையில் கிரீஸ் ஆகக்கூடாதாம்.